எனக்கு ‘தம்பி’... அவங்களுக்கு ‘ஏய்’!

உங்க கழுத்துல தொங்குற காலேஜ் ஐடி கார்டுக்கு எவ்வளவு பவர் இருக்குன்னு தெரியுமா? லைப்ரரியில புக் எடுக்கவும், பஸ்ல கன்செஷன் கேட்கவும் மட்டும்தான்னு நானும் நினைச்சிட்டிருந்தேன். ஒரு ராத்திரி டீக்கடைக்குப் போற வரைக்கும்!

மறுநாள் இன்டர்னல் எக்ஸாம். அஞ்சு யூனிட்ல மூணு யூனிட்டை அன்னிக்குத்தான் முதல் தடவையா திறந்து பார்க்கிறோம். தூக்கம் கண்ணைச் சொக்குது. நானும் ரெண்டு ரூம்மேட்ஸும் பைபாஸ் ஓரத்து டீக்கடைக்குப் போனோம். மணி பதினொன்றரை இருக்கும். பெஞ்ச்ல எங்களுக்குப் பக்கத்துல ஒரு திருநங்கை அக்கா உட்கார்ந்து டீ குடிச்சிட்டிருந்தாங்க. கையில ஒரு பை. அவ்வளவுதான்.

அப்பதான் அந்த போலீஸ் வண்டி வந்து நின்னது. எங்களைப் பார்த்து, “தம்பி, எந்த காலேஜ்? இந்நேரத்துல என்ன பண்றீங்க?”ன்னு கேட்டாங்க. கார்டை எடுத்துக் காட்டினோம். “சரி சரி, குடிச்சிட்டு ரூமுக்குப் போய்ப் படிங்க”ன்னு அட்வைஸ். முடிஞ்சது.

அடுத்து அந்த அக்கா பக்கம் திரும்பினாங்க. குரலே மாறிப்போச்சு. “ஏய், எந்திரி. வண்டியில ஏறு.”

அவங்ககிட்ட ஊர் கேட்கலை. பேர் கேட்கலை. கார்டும் கேட்கலை. “சார், டீதான் சார் குடிக்கிறேன்”னு அவங்க சொன்னதை யாரும் காதுல வாங்கலை. பாதி குடிச்ச கிளாஸை பெஞ்ச்ல வெச்சுட்டு, எங்களை ஒரு தடவை பார்த்துட்டு ஏறிப் போனாங்க.

ஒரே பெஞ்ச், ஒரே நேரம், ஒரே டீ. எங்களுக்கு அட்வைஸ், அவங்களுக்கு வண்டி. நாங்க மூணு பேரும் வாயே திறக்கலை. ரூமுக்கு வந்து புக்கைத் திறந்தா ஒரு வரி கூட ஏறலை. அந்த அக்கா என்னதான் தப்பு பண்ணாங்க? இந்தக் கேள்வியோட தேட ஆரம்பிச்சதுதான் இந்தக் கட்டுரை.

பாட்டுப் பாடினதுக்கு ஒரு கேஸ்!

கதை 150 வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிக்குது பாஸ். 1871-ல் பிரிட்டிஷ் அரசு ‘குற்றப் பரம்பரைச் சட்டம்’ கொண்டுவந்தது. பிறந்த சாதியை வெச்சே ஒரு கூட்டத்தைக் குற்றவாளின்னு முத்திரை குத்தின சட்டம்னு இதைப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனா அதுக்கு இரண்டாம் பகுதி ஒண்ணு இருந்தது. அது முழுக்க முழுக்க, இன்னிக்கு நாம திருநங்கைகள்னு சொல்றவங்களைப் பத்தினது. முதல்ல வட இந்தியாவின் சில மாகாணங்களில் இது நடைமுறைக்கு வந்தது.

போலீஸ் சந்தேகப்படுற திருநங்கைகளின் பேரையும் இருப்பிடத்தையும் ஒரு பதிவேட்டில் எழுதணும். பதிவேட்டில் பேர் இருக்கிறவங்க பொது இடத்துல பெண் உடையில வந்தா, ஆடினா, பாடினா வாரன்ட் இல்லாமலே கைது பண்ணலாம். தண்டனை இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இன்னும் இருக்கு. அவங்க உயில் எழுத முடியாது, யாருக்கும் சொத்தைத் தானமாத் தர முடியாது, தத்தெடுக்க முடியாது. கவனிச்சீங்களா? திருட்டோ அடிதடியோ எதுவுமே தேவையில்லை. புடவை கட்டிட்டுத் தெருவுக்கு வந்தாலே கேஸ்!

1884-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு வந்த கைராத்தி வழக்கு இதுக்கு அச்சு அசல் உதாரணம். பெண் உடையில, ஒரு வீட்டுப் பெண்களோட சேர்ந்து பாட்டுப் பாடினதைப் பார்த்துட்டு போலீஸ் கைராத்தியைப் பிடிச்சது. அப்புறம் டாக்டரை வெச்சு உடம்பைப் பரிசோதிச்சாங்க. இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவுல வழக்கு. கீழ் கோர்ட் தண்டனையும் கொடுத்துடுச்சு! கடைசியில உயர் நீதிமன்றம்தான், ‘எங்கே, எப்போது, யாரோடு குற்றம் நடந்தது என்று எதுவுமே இல்லையே’ன்னு பார்த்து தண்டனையை ரத்து பண்ணுச்சு. கைராத்தி மேல இருந்த ஒரே ஆதாரம், கைராத்தியோட தோற்றம்தான்.

1911-ல் அந்தச் சட்டத்தைப் புதுசா எழுதினப்ப இந்தப் பகுதி போயிடுச்சு. அப்பாடான்னு மூச்சு விடாதீங்க. 1919-ல் ஹைதராபாத் நிஜாம் ஆட்சியில இதே மாதிரி பதிவேட்டோட ஒரு சட்டம் வந்தது. அதைத் தெலங்கானா உயர் நீதிமன்றம் செல்லாதுன்னு அறிவிச்சது எப்ப தெரியுமா? 2023 ஜூலை! நம்மள்ல பாதி பேர் ஸ்கூல் யூனிஃபார்ம்லயும் மீதி பேர் காலேஜ் அட்மிஷன் க்யூவுலயும் நின்ன காலம். பக்கத்துல கர்நாடகாவும் சும்மா இல்லை. 2011-ல் தன்னோட போலீஸ் சட்டத்துல 36-ஏ-ன்னு ஒரு பிரிவைச் சேர்த்து, திருநங்கைகளைக் கண்காணிக்கப் பதிவேடு வைக்கலாம்னு சொன்னது. அமைப்புகள் கோர்ட்டுக்குப் போன பிறகுதான் அதுல மாற்றம் வந்தது.

புரோகிராமிங்ல ‘டீஃபால்ட் வேல்யூ’ன்னு ஒண்ணு படிச்சிருப்போம். நாம எதுவும் டைப் பண்ணலைன்னா சிஸ்டம் தானா எடுத்துக்கிற மதிப்பு. திருநங்கைன்னா டீஃபால்ட்டா ‘சந்தேகம்’னு 1871-ல் எழுதி வெச்சாங்க. சட்டத்தை நீக்கிட்டாங்க. டீஃபால்ட்டை மாத்தினாங்களா?

சென்னை, 2006

மாத்தலைன்னு சொல்ல ரொம்ப தூரம் போக வேண்டாம். நம்ம சென்னை, வியாசர்பாடி. 2006-ல் பாண்டியன் என்கிற பெயரில் ஒரு திருநங்கையைத் திருட்டு வழக்குல போலீஸ் கைது பண்ணுச்சு. காவல் நிலையத்துல பாலியல் கொடுமை. தாங்க முடியாம, அந்த ஸ்டேஷன் வளாகத்திலேயே தன் உடம்புல தீ வெச்சுக்கிட்டு இறந்துபோனாங்க.

அவங்களோட சகோதரி சும்மா விடலை. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. ‘ஜெயலட்சுமி எதிர் தமிழ்நாடு அரசு’ன்னு சட்டப் புத்தகத்துல இருக்கிற வழக்கு அதுதான். 2007-ல் தீர்ப்பு. குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொல்லி அரசுக்கு உத்தரவு. ஏழு வருஷம் கழிச்சு உச்ச நீதிமன்றம் திருநங்கைகள் உரிமை பத்தி எழுதின பெரிய தீர்ப்புல 1884 கைராத்தியும் வர்றாங்க, இந்தச் சென்னை வழக்கும் வருது. நடுவுல 120 வருஷத்துக்கு மேல. ரெண்டு கதையும் போலீஸ் கையிலதான் ஆரம்பிக்குது.

எந்த காலம்ல டிக் பண்றது?

அந்தப் பெரிய தீர்ப்பு வந்த நாள் 2014 ஏப்ரல் 15. சுருக்கமா ‘நால்சா தீர்ப்பு’ன்னு சொல்வாங்க. நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், ஏ.கே.சிக்ரி. ‘நீ ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்பதை நீயேதான் சொல்லணும், ஆபரேஷன் பண்ணினாதான் ஒத்துப்போம்னு யாரும் வற்புறுத்தக் கூடாது’ என்பது அதோட சாரம்.

கேட்க சூப்பரா இருக்குல்ல? இப்ப அதை ஸ்டேஷனுக்குள்ள கொண்டுபோய்ப் பாருங்க. ஒரு பெண்ணைச் சோதனை போடணும்னா இன்னொரு பெண்தான் போடணும், அதுவும் கண்ணியமா. விதிவிலக்கான சூழல் தவிர, சூரியன் அஸ்தமிச்ச பிறகு பெண்ணைக் கைது பண்ணக் கூடாது. சாட்சியா விசாரிக்கணும்னா பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போய்தான் கேட்கணும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல ரொம்ப காலமா இருக்கிற பாதுகாப்பு இதெல்லாம். 2024 ஜூலை 1-ல் வந்த புதுச் சட்டத்துலயும் தொடருது.

ஆனா எல்லா வரியிலயும் ‘பெண்’னு ஒரு வார்த்தை நிக்குது பாருங்க. எதிர்ல நிக்கிறவங்க திருநங்கைன்னா, இந்தப் பாதுகாப்பு உண்டா இல்லையா? டூட்டியில இருக்கிறவர் அந்த நிமிஷம் என்ன நினைக்கிறாரோ அதுதான் பதில்!

சரி, கோர்ட்டுக்குப் போயாச்சு. ஜாமீன் கிடைச்சாச்சு. வெளியே வந்துடலாமா? ஜாமீன்தாரர் வேணுமே! நிலையான முகவரி வேணும், கையெழுத்துப் போட ஆள் வேணும். பத்தாவது படிக்கும்போதே வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவங்களுக்கு யார் வந்து கையெழுத்துப் போடுவாங்க? வாடகைக்கு வீடு தரவே ஆளில்லாதப்ப முகவரிக்கு எங்கே போவாங்க? நமக்கெல்லாம் அப்பா, மாமா, சித்தப்பான்னு ஒரு பட்டாளமே ஓடி வரும். அவங்களுக்கு அவங்க குருவும் கூட இருக்கிற திருநங்கைகளும்தான் குடும்பம். அந்த உறவை எழுத எந்த ஃபாரத்துலயும் இடமில்லை.

வேலை கொடுக்க மாட்டோம். அதனால கடை கேட்கப் போறாங்க. உடனே 1945-ம் வருஷத்து பிச்சை எடுத்தல் தடுப்புச் சட்டம் நிக்கும். பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டா, 1956-ம் வருஷத்துச் சட்டம் நிக்கும். ஒரு தடவை ஸ்டேஷன்ல பேர் ஏறிட்டா, அடுத்த தடவை ஏரியாவுல எது காணாமப் போனாலும் முதல்ல அவங்களைத் தேடி வருவாங்க. சுத்திச் சுத்தி அதே இடம்.

எழுபது பேர்

ஜெயில் கதை இன்னும் வித்தியாசம். நாடு முழுக்க சிறைகள்ல யார் யார் இருக்காங்கன்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் ரிப்போர்ட் போடுது. அதுல ஆண், பெண் ரெண்டே பிரிவுதான் இருந்தது. திருநர்களைத் தனியா எண்ண ஆரம்பிச்சதே 2020-ம் வருஷத்து அறிக்கையிலதான்! அந்த டிசம்பர் கடைசியில மொத்தக் கைதிகள் 4,88,511. அதில் ஆண்கள் 4,68,395, பெண்கள் 20,046, திருநர்கள் 70.

எழுபதுதானேன்னு தோணுதா? கிட்டத்தட்ட நம்ம ஒரு கிளாஸோட ஸ்ட்ரென்த். அந்த எழுபது பேரும் அதுக்கு முன்னாடி வரைக்கும் கணக்குலயே இல்லை. எண்ணிக்கையே இல்லாதவங்களுக்கு எத்தனை தனி அறை, எத்தனை பாத்ரூம் வேணும்னு யார் பிளான் போடுவாங்க? திருநங்கையை ஆண்கள் பிளாக்ல போட்டா ராத்திரி என்ன நடக்கும்னு யோசிக்க, நமக்கு ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

2022 ஜனவரியில மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு அறிவுரை அனுப்பிச்சது. தனி வார்டு வேணும், ஆனா அதுக்காக ஒருத்தரை ஒரேயடியாத் தனிமையில பூட்டி வைக்கக் கூடாது. தனி டாய்லெட், தனி குளியலறை வேணும். சோதனை போடும்போது, அவங்க எந்தப் பாலினத்தவர் போடணும்னு விரும்புறாங்களோ அவங்களோ, பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளரோதான் போடணும். எல்லாமே நல்ல விஷயம்தான். ஆனா பேர்லயே இருக்கே, ‘அறிவுரை’ன்னு. சிறை மாநில அரசு கையில இருக்கிற துறை. ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டுல ஒட்டுற அறிவுரையில எத்தனை நடக்குதுன்னு நமக்குத் தெரியாதா?

புகார் கொடுக்கப் போனா...

குற்றம் சாட்டப்பட்டவங்களா மட்டும் இல்லை, பாதிக்கப்பட்டவங்களா போனாலும் அதே கதை. 2019-ல் நாடாளுமன்றம் திருநர்கள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. அது இயற்றப்பட்டபோது, திருநர் ஒருத்தருக்குப் பாலியல் கொடுமை பண்றவருக்கு அதுல சொன்ன தண்டனை, ஆறு மாசத்துல இருந்து இரண்டு வருஷம் வரை. ஒரு பெண்ணை வன்கொடுமை செஞ்சா குறைந்தபட்சமே பத்து வருஷம். உடம்பு ஒண்ணுதான், வலியும் ஒண்ணுதான். தண்டனை மட்டும் டிஸ்கவுன்ட்ல!

2024-ல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா வந்தப்ப, ‘பாலினம்’ என்கிற வார்த்தையோட விளக்கத்துல திருநரையும் சேர்த்தாங்க. சந்தோஷம். ஆனா வன்கொடுமைப் பிரிவுல பாதிக்கப்படுறவர் ‘பெண்’னுதான் இருந்தது. பழைய 377-வது பிரிவையும் மொத்தமா எடுத்துட்டாங்க. சம்மதத்தோட சேர்ந்து வாழுறவங்களை அந்தப் பிரிவு தொடக் கூடாதுன்னு 2018 செப்டம்பர் 6-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா சம்மதம் இல்லாம நடக்கிற கொடுமைக்கு அது ஒரு பிடிமானமா மிச்சமிருந்தது. அதுவும் போச்சு. ஸோ, புகார் கொடுக்கப் போற திருநங்கை, ‘நான் பெண்தான்’னு முதல்ல நிரூபிக்க வேண்டிய நிலை வரலாம். அதுக்கப்புறம்தான் கொடுமை நடந்ததைப் பத்திப் பேச்சே!

யூனிஃபார்முக்கு உள்ளேயும் மாற்றம்

எல்லாம் இருட்டுதான்னு முடிச்சா அது பொய். நம்ம ஊர்ல நடந்த சில விஷயங்கள் நாட்டுக்கே முதல். 2008-ல் திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைச்சு அடையாள அட்டை கொடுத்தது தமிழ்நாடு.

சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினியைத் தெரிஞ்சிருக்கும். சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு அப்ளை பண்ணாங்க. அப்ளிகேஷன்ல மூன்றாம் பாலினத்துக்கு இடமே இல்லைன்னு நிராகரிச்சாங்க. ஒவ்வொரு கட்டத்துக்கும் கோர்ட் படி ஏறினாங்க. 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவங்க பக்கம் தீர்ப்பு கொடுத்தது. 2017 ஏப்ரல்ல தர்மபுரி மாவட்டத்துல பொறுப்பேத்தாங்க. நாட்டோட முதல் திருநங்கை எஸ்.ஐ! அடுத்த வருஷமே, 2018 ஜூன்ல, சத்யஸ்ரீ ஷர்மிளா தமிழ்நாடு பார் கவுன்சில்ல பதிவு பண்ணி முதல் திருநங்கை வழக்கறிஞர் ஆனாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை 2021-ல் நடந்தது. வீட்டை விட்டு வந்த இரண்டு பெண்கள், போலீஸ் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. விசாரிச்ச நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், ‘இந்த விஷயம் எனக்கே முழுசாப் புரியலை’ன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டார். உளவியல் நிபுணரோட உட்கார்ந்து பேசிப் புரிஞ்சுக்கிட்டு வந்துதான் தீர்ப்பு எழுதினார்! அந்த வழக்கோட தொடர்ச்சியா, 2022-ல் தமிழ்நாடு அரசு போலீஸ் நடத்தை விதிகள்ல 24-சி-ன்னு ஒண்ணைச் சேர்த்தது. திருநர்கள் உள்ளிட்ட பாலினச் சிறுபான்மையினரையும், அவங்களுக்காக வேலை செய்றவங்களையும் எந்தப் போலீஸ்காரரும் தொந்தரவு பண்ணக் கூடாது. சட்டப்படி விசாரிக்கலாம், அவ்வளவுதான்.

ஒரு நீதிபதி ‘எனக்குத் தெரியலை, கத்துக்கறேன்’னு சொன்னாரே... அதே மாதிரி ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் ஒருத்தர் சொன்னா?

இதை மட்டும் மொபைல்ல சேவ் பண்ணுங்க

உங்க கண்ணு முன்னாடி யாரையாவது பிடிச்சிட்டுப் போனா, ஹீரோயிசம் வேண்டாம். இது போதும்.

* கைதுன்னா ஏன்னு காரணம் சொல்லணும். கைது விவரம் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கணும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லணும். உச்ச நீதிமன்றம் 1996-லயே டி.கே.பாசு வழக்குல சொன்னது.
* 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும். பயண நேரம் மட்டும் கணக்குல வராது.
* காவல்ல இருக்கிற யாருக்கும் இலவசமா வக்கீல் உண்டு. சட்டப் பணிகள் ஆணையத்தோட உதவி எண் 15100.
* எந்த ஸ்டேஷன் வண்டி, எத்தனை மணி, எந்த இடம்னு குறிச்சு வைங்க. நாளைக்கு அதுதான் சாட்சி.

மறுபடி அதே பெஞ்ச்

ரெண்டு வாரம் கழிச்சு அந்த அக்காவை அதே டீக்கடையில பார்த்தேன். தயங்கித் தயங்கித்தான் பக்கத்துல போனேன். “அக்கா, அன்னிக்கு...”

“ஓ, நீயா தம்பி? பரீட்சை எழுதினியா?”ன்னு அவங்கதான் முதல்ல கேட்டாங்க!

கேஸ் எதுவும் போடலையாம். விடியற வரைக்கும் ஸ்டேஷன் வராந்தாவுல உட்கார வெச்சிருந்துட்டு அனுப்பிட்டாங்களாம். போற வர்றவங்க எல்லாம் கேலி பேசினதைச் சிரிச்சிட்டே சொன்னாங்க. பையைத் திறந்து ஒரு கார்டை எடுத்துக் காட்டினாங்க. நலவாரிய அடையாள அட்டை. லேமினேஷன் ஓரத்துல உரிஞ்சிருந்தது.

“எங்கிட்டயும் கார்டு இருக்கு கண்ணு. நீ எடுத்து நீட்டினே, வாங்கிப் பார்த்தாங்க. என்கிட்ட கேட்கவே இல்லையே...”

என்ன சொல்றதுன்னே தெரியலை. “ஸாரிக்கா, நாங்க ஏதாவது பேசியிருக்கணும்”னேன்.

“பெருசா ஒண்ணும் பேச வேணாம்ப்பா. ‘சார், அவங்க டீதான் குடிச்சிட்டிருந்தாங்க, நாங்க பார்த்தோம்’னு ஒரு வார்த்தை. படிக்கிற புள்ளைங்க சொன்னா ஒரு நிமிஷம் யோசிப்பாங்கல்ல? அந்த ஒரு நிமிஷம் எங்களுக்குப் பெருசு.”

அன்னிக்கு டீக்கு நான்தான் காசு கொடுப்பேன்னேன். அவங்க விடலை. “நீ படிக்கிற புள்ள, வெச்சுக்க”ன்னு மூணு டீக்கும் சேர்த்து அவங்களே கொடுத்துட்டாங்க.

சட்டத்தை நாம எழுதலை. ஸ்டேஷன் நம்ம கையில இல்லை. ஆனா டீக்கடை பெஞ்ச் நம்மளோடதுதானே? அடுத்த தடவை வண்டி வந்து நின்னா, கார்டைக் காட்டிட்டு அப்படியே உட்கார்ந்துடாதீங்க. எழுந்து நின்னு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்க. நானும் சொல்றதா முடிவு பண்ணிட்டேன்!